பேர் போடுகிற கை: கங்காணி முதல் மேஸ்திரி வரை



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நம் தோழருக்கு அது பிடிக்காது. மேடையில் யாராவது அவரைப் புகழ ஆரம்பித்தால் “விஷயத்துக்கு வாங்க” என்று கீழேயிருந்து குரல் கொடுப்பார். ஆகவே அவர் நம்மிடம் விட்டுச்சென்ற ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடம் நாங்கள் கள ஆய்வு செய்தோம். கையில் நீண்ட கேள்வித்தாள் இருந்தது. தினக்கூலி எவ்வளவு, பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா, கையுறை கொடுத்தார்களா, வாரவிடுப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனோம். ஓர் அக்கா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எழுதி முடித்து நாங்கள் எழுந்தபோது கேட்டார்: “எல்லாம் கேட்டீங்க. எனக்கு யாரு அட்டெண்டன்ஸ் போடறாங்கன்னு கேக்கவே இல்லையே சார்?”

மறுபடி உட்கார்ந்தோம். அதன்பிறகு ஒரு மணி நேரம் அவர் மேஸ்திரியைப் பற்றி மட்டுமே பேசினார். காலை ஐந்தரைக்கு வார்டு ஆபீஸ் வாசலில் நோட்டோடு நிற்பவர் அவர். பத்து நிமிடம் தாமதமானால் அன்றைய நாளை வெட்டுவதும், போனால் போகிறதென்று போடுவதும் அவர் இஷ்டம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவருக்கு மறுநாள் மீன் மார்க்கெட்டின் பின்புறச் சாக்கடை. தன்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்றார். அந்த அக்கா ஆணையரைப் பார்த்ததில்லை. ஒப்பந்ததாரரின் பெயரும் அவருக்குத் தெரியாது. “எனக்கு முனிசிபாலிட்டின்னா அந்த ஆளுதான்” என்று முடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நம் தோழர் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய பெற்றோர் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு நீலகிரிக்கு வந்தவர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இறங்கும் நேரத்தில் சொன்னார்: “எங்கப்பாவும் இதையேதான் சொல்லுவாரு. கம்பெனி எதுன்னு பாக்காத, பேர் போடற கை எதுன்னு பாரு. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு, எழுதணும்.” அவர் எழுதுவதற்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. அந்த வேலையின் ஒரு பகுதியை இன்று நாங்கள் செய்து பார்க்கிறோம்.

துரைக்கும் ஆளுக்கும் நடுவில்

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டிச் சீமை மலைகளில் முதலில் காப்பியும், 1869க்குப் பின் இலைநோய் காப்பியை அழித்ததால் தேயிலையும் பயிரானது. அந்த மலைகளுக்கு ஆள் போனது திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அன்று ஆவணங்களில் எழுதப்பட்ட நம் மக்கள். பண்ணையாளாக இருந்தவர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், ஊரைவிட்டு எப்படியாவது தப்ப நினைத்தவர்கள். தப்புவதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வழியின் வாசலில் கங்காணி நின்றான்.

கங்காணி என்பது கண்காணி. கண்காணிப்பவன். ஆனால் மலைநாட்டில் அவன் வேலை கண்காணிப்பது மட்டும் இல்லை. ஊரில் வந்து ஆள் சேர்ப்பவன் அவன். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து அதைக் கடனாக எழுதுபவன் அவன். கப்பலேற்றி, காட்டுவழி நடத்தி, தோட்டத்தில் கொண்டுபோய் லயத்தில் குடிவைப்பவன் அவன். மறுநாளிலிருந்து வேலை வாங்குபவனும் அவனே. நெடுங்காலம் பல தோட்டங்களில் கூலிகூட ஆளின் கைக்கு நேராக வரவில்லை. கங்காணி வழியாகத்தான் வந்தது. வட்டிக்கடைக்காரன், தரகன், மேஸ்திரி, ஊர்ப்பெரியவர் ஆகிய நான்கு பேர் செய்யும் காரியங்களை ஒரே ஆள் செய்தான்.

தோட்டத்தின் படிக்கட்டு இப்படி இருந்தது. மேலே பெரிய துரை. அவருக்குக் கீழ் சின்னத்துரை. பிறகு கணக்கப்பிள்ளை. பிறகு பெரிய கங்காணி. அவருக்குக் கீழே தன் சொந்தபந்தம் சார்ந்த சிறு கூட்டத்தை நடத்தும் சில்லறைக் கங்காணிகள். கடைசியில் ஆள். தன் கூட்டத்திலிருந்து எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்கள் என்று எண்ணித் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு உண்டு. காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பி நிறுத்துவதில் அவனுக்கு நேரடி லாபம் இருந்தது. மேற்பார்வை செய்பவனின் வருமானத்தை அடுத்தவர் உடம்போடு கட்டிவிட்ட ஏற்பாடு இது. அவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதற்கு முன்னால் இந்த ஏற்பாட்டைப் பார்க்கவேண்டும்.

துரைமாருக்கு ஆளோடு பேசத் தமிழ் தேவைப்பட்டது. அதற்காக அந்தக் காலத்தில் ஒரு கைநூல் அச்சானது. சின்னத்துரைகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கான அந்தத் தமிழ் வழிகாட்டியின் தலைப்பு ‘இங்கே வா!’ என்பது. ‘வாங்க’ என்ற சொல் அதே தமிழில்தான் இருக்கிறது. தலைப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ‘வா’. ஒரு மொழியைக் கற்க வருகிறவன் எந்தச் சொல்லிலிருந்து தொடங்குகிறான் என்பதிலேயே அவன் எந்த உறவுக்குத் தயாராகிறான் என்பது தெரிந்துவிடுகிறது. அந்தச் சின்னத்துரைக்கு முன்பே நம் ஊர்ப் பண்ணையார் அதே விகுதியில்தான் நம் பாட்டன்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

துண்டு

இன்றைய மேலாண்மை வகுப்புகளில் ஒன்று சொல்கிறார்கள்: வேலையை விடுகிறவர்களில் பலர் சம்பளத்துக்காக விடுவதில்லை, மேலதிகாரியின் நடத்தை பொறுக்காமல் விடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பொறுக்க முடியாதபோது விட்டுப்போகலாம் என்பது ஓர் உரிமை. அந்த உரிமை எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை.

இலங்கைத் தோட்டத்தில் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் அவர் பேரில் இருக்கும் கடன் தீரவேண்டும். கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவிக்கத் தயார் என்று எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டிக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வார். அந்தத் தொகையும் அடுத்த தோட்டத்தில் ஆளின் பேரிலேயே கடனாக ஏறும். ஆள் தேவை அதிகமான காலங்களில் கங்காணிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தோட்டம் கூடுதல் முன்பணம் தரும் என்று பேரம் பேசினார்கள். பணம் கங்காணி கைக்குப் போனது, கடன் ஆளின் தலையில் ஏறியது. கணக்கு எழுதுபவனும் அவன்தான், எழுதப் படிக்கத் தெரியாதவர் நாம்தான்.

சொல்லாமல் போனால் என்ன? 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையைவிட்டு விலகுவது குற்றம். அதற்குச் சிறை உண்டு. கங்காணியின் ஏச்சு தாங்காமல் இரவில் லயத்தைவிட்டு நடந்த ஒருவர், அந்தச் சட்டத்தின் கண்ணில் கடன் தீர்க்காத ஓடுகாலி. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு 1921இல்தான் துண்டு முறை தடைசெய்யப்பட்டது.

நாம் இங்கே கவனிக்கவேண்டியது இது. மேற்பார்வையாளனின் கொடுமை அவன் குணத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஆள் போய்விடுவான் என்ற பயம் அவனுக்கு இருந்தால் அவன் நாக்கு கொஞ்சம் அடங்கும். போகமுடியாத ஆளின் முன்னால் அடங்கவேண்டிய தேவையே இல்லை. பண்ணையில் படியாள் கடன் செய்த காரியத்தைத் தோட்டத்தில் துண்டு செய்தது.

தப்பும் நிரையும்

மலைநாட்டில் விடியலைச் சொன்னது சேவல் இல்லை. தப்பு. இருட்டோடு தப்படிக்கும் சத்தம் கேட்டால் லயம் எழுந்திருக்கவேண்டும். பிரட்டுக்களத்தில் போய் வரிசையில் நிற்கவேண்டும். நம் மக்களின் சாவுக்கும் திருவிழாவுக்கும் பேசிய தோல், தோட்டத்து நிர்வாகத்தின் கடிகாரமாக மாற்றப்பட்டது. தப்படித்தவரும் நம்மவர், அதைக் கேட்டு எழுந்தவரும் நம்மவர். இன்று மலையக மக்கள் அதே தப்பைத் தங்கள் அடையாளமாக மேடையேற்றுகிறார்கள் என்றால், அது கடிகாரத்திடமிருந்து மீட்கப்பட்ட தப்பு.

பிரட்டுக்களத்தில் நடப்பது வெறும் ஆள் எண்ணிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. அன்று யார் எந்த மலைக்கு, யாருக்குக் கொழுந்து, யாருக்குக் கவ்வாத்து, யாருக்குப் புல்வெட்டு என்பது அங்கே முடிவாகும். மலைக்குப் போனபின் யாருக்கு எந்த ‘நிரை’ என்பதைக் கங்காணி சொல்வான். நிரை என்பது ஒருவர் பறிக்கவேண்டிய தேயிலை வரிசை. கொழுந்து செழித்த நிரை கிடைத்தவருக்குக் கூடை சீக்கிரம் நிறையும். சரிவிலும் கல்லிலும் நிரை கிடைத்தவர் எவ்வளவு கைவீசினாலும் நிறை காட்டமுடியாது. மாலையில் தராசு முன்னால் இருவரும் சமமாக நிறுத்தப்படுவார்கள். கொழுந்து ஈரம் என்று கொஞ்சம், கூடைக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். அளவு குறைந்தால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். பேர் என்றால் செக்ரோலில் விழும் ஒருநாள் வேலை. அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி.

ஆக, காலையில் நிரை பிரித்தபோதே மாலையின் கூலி பாதி எழுதப்பட்டுவிட்டது. பார்ப்பதற்கு அது தராசு செய்த தீர்ப்பு. நிரை கொடுத்த கை கணக்கில் எங்கும் தெரிவதில்லை. சமூகவியல் மாணவர்கள் அதிகாரம் எப்படி இயல்பானதாகத் தோன்றுகிறது என்று படிப்பீர்கள். அதற்குத் தேயிலை மலையில் இருக்கும் சொல் நிரை.

கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மேலே நின்றவர்கள் எல்லாப் படியிலும் ஆண்கள். தாமதமாக வந்ததற்கும், குழந்தைக்குப் பால்கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனதற்கும், கங்காணியைப் பார்த்துச் சிரிக்காததற்கும் நிரை மாறும். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத தண்டனை இது. இதற்கு எதிராகப் புகார் எழுத எந்தப் படிவமும் இல்லை.

கடல் தாண்டிய ஊர்

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டதில் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் நிலமுள்ள இடைநிலை, மேல்நிலைச் சாதிகளிலிருந்து வந்தார்கள். தலித் சாதிகளிலிருந்து சில்லறைக் கங்காணிகள் வந்ததும் உண்டு, அவர்களின் அதிகாரம் தங்கள் கூட்டத்தோடு நின்றது. ஊரில் எவன் சொன்னால் எவன் கேட்பான் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த முடிவை அப்படியே தூக்கி வந்து மலையில் வைத்தால் வேலை வாங்குவது துரைக்குச் சுலபம். புதிதாக ஓர் ஒழுங்கைக் கற்பிக்கும் செலவு மிச்சம்.

லயங்களும் பல தோட்டங்களில் சாதிவாரியாகப் பிரிந்தன. லயத்து வாசலையும் சாக்கடையையும் சுத்தம் செய்ய ‘வாசக்கூட்டி’ என்றொரு வேலை இருந்தது. அது யாருக்கு என்று கேட்கவேண்டியதில்லை. துரை பங்களாவின் சமையலறைக்கு மட்டும் வேறு கணக்கு. மாட்டிறைச்சி சமைக்க மற்றவர்கள் மறுத்ததால் அங்கே நம் மக்களில் சிலருக்கு இடம் கிடைத்தது. பிரட்டுக்களத்தில் கங்காணிக்கு முன்னால் கைகட்டி நின்றவரின் அண்ணன், துரையின் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். இதைச் சொல்வது வெள்ளைத்துரைக்கு நற்சான்று கொடுக்க இல்லை. சாதி வசதியாக இருந்த இடத்தில் அதை வைத்துக்கொண்டார்கள், இடைஞ்சலாக இருந்த இடத்தில் ஒதுக்கினார்கள். இரண்டும் நிர்வாகத்தின் தேர்வுதான்.

1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், போராடிப் பெற்ற சட்டம். ஆனால் சட்டம் ஒரு நாளுக்கு இவ்வளவு கூலி என்றுதான் சொல்ல முடியும். அந்த நாள் முழுப்பேரா அரைப்பேரா என்பதைச் சொன்னது கங்காணியும் கணக்கப்பிள்ளையும். கொழும்பில் இயற்றிய சட்டம் பிரட்டுக்களத்துக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியது என்பதை அந்தக் கைகளே தீர்மானித்தன.

பக்கம் மாறிய ஒரு சின்னத்துரை

தோட்டத்துக்குள் வெளியாட்கள் நுழைவது அத்துமீறல் என்ற நிலையில்தான் தொழிற்சங்கம் தொடங்கியது. தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் துணி வியாபாரியைப்போல் லயங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான சங்கத்தை அமைத்தார். துரைமாரை எதிர்த்ததைப்போலவே கங்காணி முறையையும் எதிர்த்து எழுதினார். அவர் துணைவி மீனாட்சியம்மாள் பாட்டாகவே இயற்றித் தொழிலாளர்களிடம் கொண்டுபோனார்.

இந்த வரலாற்றில் நமக்கு முக்கியமான இன்னொருவர் மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தோட்டத் தொழில் பழக வந்த இளைஞர். அதாவது சின்னத்துரையாகப் பயிற்சி பெற வந்தவர். மடுல்கலைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் இருந்தபோது தொழிலாளர்களோடு சமமாகப் பழகினார். வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் ஏறினார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் முன்னால் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். வெள்ளைக்காரன் ஒருவனே துரைமாரை எதிர்த்துப் பேசியதை நிர்வாகம் தாங்கவில்லை. ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று சொன்னது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மேலே இருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகும் என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். ஒரு சின்னத்துரை நல்லவராக இருக்க முயன்றார். சில மாதங்களுக்கு மேல் அவரால் அந்த நாற்காலியில் இருக்க முடியவில்லை. நல்ல மனிதர்கள் எங்கும் உண்டு. அவர்களை எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்வது என்பதை அமைப்புத்தான் முடிவு செய்கிறது.

1940 ஜனவரி 10ஆம் நாள், முல்லோயா தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் தியாகியாக இன்றும் அவரை நினைவுகூர்கிறார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: பிறகு வளர்ந்த சங்கங்களின் தொடக்கத் தலைமையிலும் பெரிய கங்காணிக் குடும்பங்கள் இருந்தன. நோட்டுப் பிடித்த கை கொடியையும் பிடித்தது. அதன் விளைவை மலையகத் தலித் தோழர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் இதே படிக்கட்டுத்தான். துரை, கிராணி, தண்டல், கங்காணி. 1941இல் கிள்ளான் பகுதியில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதெல்லாம் நூல்களில் இருக்கிறது. நாங்கள் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது அவர்களின் கோரிக்கைப் பட்டியலை.

சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி என்பது அதில் இருக்கிறது. எதிர்பார்த்ததுதான். அதோடு வேறு சிலவும் இருக்கின்றன. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். தொழிலாளர் குடும்பப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்கவேண்டும். கொடுமைக்கார டிரசர்களை மாற்றவேண்டும். கள்ளுக்கடைகளை மூடவேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும்.

கூலியும் சைக்கிளும் ஒரே தாளில். சைக்கிளிலிருந்து இறங்காமல் போவதற்காக யாராவது சாவார்களா என்று வெளியாள் கேட்கலாம். இந்த அரங்கில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எந்தத் தெருவில் இறங்கி நடக்கச் சொன்னார்களோ, அதே தெருவைத்தான் மலாயாவில் துரை ரப்பர் மரங்களுக்கு நடுவே போட்டுவைத்திருந்தார் என்பது நமக்கு உடனே புரியும்.

அண்ணல் கேட்ட கேள்வி

1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் தலைமையுரை ஆற்றினார். தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகள் என அவர் சொன்ன உரை அது. அந்த வரியை நாம் சுவரில் எழுதுகிறோம். அதைச் சுற்றி அவர் வேலையிடத்தைப் பற்றிச் சொன்னவற்றை அவ்வளவாகப் படிப்பதில்லை.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதியில் தீண்டத்தகாதவர்களைச் சேர்ப்பதில்லை. நாடாவில் புதிய நூல் போடும்போது நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். இவர்கள் வாய் பட்ட நூலை மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்பது காரணம். நெசவுப் பகுதியில்தான் கூலி அதிகம். ரயில்வேயில் நம்மவர் கேங்மேனாகவே காலம் கழிக்கவேண்டும். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் என்பவர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்யவேண்டியவர். ஸ்டேஷன் மாஸ்டர் சாதி இந்து; இவரை வீட்டுக்குள் விடமாட்டார்.

அரசு அலுவலகத்தின் ஒரு பணியிடம் யாருக்கு என்பதை அதிகாரி வீட்டு அடுக்களை முடிவு செய்தது. மேலதிகாரியின் வீட்டுப்பழக்கம் கீழே உள்ளவரின் பணிவரலாறாக மாறும் இடம் இது. கங்காணி முறையில் நாம் பார்த்த அதே நகர்வு, இங்கே கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடக்கிறது.

இன்று நோட்டு யாரிடம்

தோழர்களே, இந்த வரலாறு முடிந்துபோனதாக இருந்தால் இதை இங்கே வாசிக்க வேண்டியதில்லை.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் உயிரிழந்தார்கள். கூலி உயர்வும் கைதான தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு வந்தவர்கள் அவர்கள். மலையில் கேட்கமுடியாத கேள்வியைக் கீழே இறங்கிவந்து கேட்டார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் மனிதரை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒவ்வொரு சாவிலும் இழப்பீட்டுக்காக நாம் ஓடுகிறோம், ஓடத்தான் வேண்டும். ஆனால் ‘இறங்கு’ என்ற சொல்லை உச்சரித்த வாய் எது என்று எத்தனை உண்மை அறியும் அறிக்கைகளில் எழுதியிருக்கிறோம்? ‘இங்கே வா’வுக்கும் ‘இறங்கு’வுக்கும் நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் இருக்கிறது. விகுதி மாறவில்லை.

வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013இல் வந்த சட்டம் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியது. குறைகள் ஆயிரம் இருந்தாலும் கதவென்று ஒன்று இருக்கிறது. தனியார் வேலையிடத்தில் மேலதிகாரி சாதியைக் காட்டி ஒருவரை ஒதுக்கினால் தட்டுவதற்கு அப்படிக் கட்டாயமான கதவு ஏதும் இல்லை. குளிரூட்டிய அலுவலகத்தில் நல்ல புராஜெக்ட் யாருக்கு, வாடிக்கையாளர் முன்னால் பேசுவது யார், ஆண்டு மதிப்பீட்டில் எத்தனை மதிப்பெண் என்று முடிவாவதை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அதுவும் நிரை பிரிப்பதுதான். ஆண்டு முடிவில் தராசு மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நம்மவர் மேலதிகாரியாகப் போனால் கோப்பு நகராது, பியூன் தண்ணீர் கொண்டுவரமாட்டார், ஊராட்சித் தலைவராக இருந்தாலும் நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். அதிகாரம் பதவியோடு வந்துவிடுவதில்லை. யார் சொன்னால் யார் கேட்பது என்ற பழைய ஊர்க்கணக்கு அதற்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. துரை அந்தக் கணக்கைக் கடன்வாங்கித்தான் மலையை நடத்தினார்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? பெரிய திட்டம் எதையும் நாங்கள் அறிவிக்கப் போவதில்லை. அந்த அக்காவைச் சந்தித்தபின் எங்கள் கேள்வித்தாளில் ஐந்து கேள்விகளைச் சேர்த்தோம். வருகையைப் பதிவது யார்? வேலையைப் பிரிப்பது யார்? விடுப்புத் தருவது யார்? அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்? அவரைப் பற்றி யாரிடம் சொல்ல முடியும்? மாணவர்கள் ஆய்வுக்குப் போகும்போது இவற்றையும் கேளுங்கள். சங்கத் தோழர்கள் கோரிக்கை எழுதும்போது, கூலியோடு சேர்த்து, வருகைப் பதிவின் நகல் தொழிலாளி கையில் இருக்கவேண்டும், வேலைப்பிரிப்பு சுழற்சி முறையில் எழுதி ஒட்டப்படவேண்டும் என்று எழுதுங்கள். கிள்ளான் தொழிலாளர்கள் காட்டிய வழி அதுதான்: கூலியையும் சைக்கிளையும் ஒரே தாளில் எழுதுவது.

படித்து மேற்பார்வையாளராகப் போகும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நோட்டு உங்கள் கைக்கு வரும் நாளில், அதன் பக்கங்களில் யார் யார் பேர் அரைப்பேராக எழுதப்பட்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கவேண்டும்.

கடைசியாக எங்களைப் பற்றி. இந்த உரையைத் தயாரித்தபோது எங்கள் அமைப்புக் கூட்டங்களில் பேசுவோர் வரிசையை எழுதும் நோட்டு யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். தொடக்கம் முதல் அது ஆண் தோழர்களிடமே இருந்திருக்கிறது. கூட்டம் முடிந்தபின் அரங்கைக் கூட்டியவர்கள் பெண் தோழர்கள். நம் தோழர் இருந்திருந்தால் இதை மேடையில் வைத்தே கேட்டிருப்பார். இன்றைய நிகழ்ச்சியின் பேச்சாளர் வரிசையை எழுதியது ஒரு பெண் தோழர். அரங்கைக் கூட்டும் முறை இன்று எங்களுடையது.